பலகையையும் சேர்த்து

"பத்தாவது தாண்டாதவ, எனக்கு டேப் பிடிக்கக் கத்துக் குடுக்கிறியாடி?" என்று சித்தப்பா ஒருநாள் கம்பெனியில் எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் கீழே கிடந்த பிளாஸ்டிக் பட்டைத் துண்டுகளைப் பொறுக்கினேன்.

அலுமினியச் சட்டங்களைக் கட்டி மரப்பலகையில் ஏற்றுவது என் வேலை. சரக்கு எந்த வாடகை வகுப்பு என்று அளந்து சீட்டில் எழுதுவது சித்தப்பாவின் வேலை. லாரிக் கம்பெனிக்கு எடை மட்டும் போதாது. அந்த எடை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்ப்பார்கள். நெருக்கமாக அடங்கினால் கீழ் வகுப்பு, காற்றைச் சுமந்தால் மேல் வகுப்பு. அலுமினியம் பார்க்கத்தான் பெரிசு. ஒரு சாண் உயரம் கூடினாலும் வகுப்பு மாறிவிடும்.

உயரம் அளக்கும்போது சித்தப்பா டேப்பை உலோகத்தில் தொடங்கி உலோகத்திலேயே முடிப்பார். அடிப்பலகையும் மேலே போட்ட அட்டையும் கணக்கில் சேராது. "நாம விக்கிறது அலுமினியமா, விறகா?" என்பார். அதற்குச் சிரிக்க இரண்டு பேர் எப்போதும் இருந்தார்கள்.

சீட்டும் அளவும் ஒத்துப்போகவில்லை என்று இரண்டு லோடுகள் திரும்பி வந்தன. பலகையையும் சேர்த்து அளக்கணும் என்று இரண்டு முறையும் நான் முன்பே சொல்லியிருந்தேன். இரண்டு முறையும் அவர் மேனேஜரிடம், "இவ கட்டினது சரியில்ல சார்," என்றார்.

"இன்னொண்ணு வந்தா, தப்புப் பண்ணவங்க கேட்டுக்கு வெளிய," என்றார் மேனேஜர்.

மூன்றாவது லோடுக்கு நான் வாயைத் திறக்கவில்லை. தரையிலிருந்து உச்சிவரை நானே அளந்து, ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் சாக்பீஸால் எழுதிவைத்தேன், லாரி நிற்கும் பக்கமாக.

அன்று லாரிக் கம்பெனி ஆளே அளக்க வந்துவிட்டார். டேப்பையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சீட்டு எழுதினவரு பலகைய வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரா?" என்றார். பிறகு குனிந்து, "இதுல எழுதியிருக்கிறது சரியா இருக்கே. யாரு எழுதினது?"

"அது அவ கிறுக்கினது. கட்டத் தெரியாத கழுத," என்றார் சித்தப்பா.

"கழுதைக்கு அளக்கத் தெரிஞ்சிருக்கு."

அந்த இரண்டு பேரும் இதற்கும் சிரித்தார்கள். மேனேஜர் டேப்பைக் கேட்டு சித்தப்பாவிடம் கையை நீட்டினார்.

"தெரிஞ்சேதான் விட்டியாடி?" என்று சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு தடவ சொன்னேன், சித்தப்பா."

அவர் டேப்பை மேனேஜர் கையில் வைத்தார். வெளியே போய், தினமும் என்னை ஏற்றிவரும் தன் ஸ்கூட்டரை எடுத்தார். முன்கொக்கியில் தொங்கிய என் சாப்பாட்டுப் பையைக் கழற்றி கேட் கம்பியில் மாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.