இடப்பக்கத்துத் திரை

ரூசே நகரில் குடியிருந்த ரலிட்சாவின் மேசைமேல், புளோவ்திவில் இருந்த அவளுடைய முன்னாள் கணவன் யவோரின் சாமான்கள் வந்து விழத் தொடங்கியது ஒரு மே மாதத்தில். முதலில் வந்தது அவன் படித்துக்கொண்டிருந்த வானிலைப் பக்கம். பிறகு மூக்குக்கண்ணாடி, பாதி குடித்த காபி, கடித்து வைத்த பனிட்சாப் பலகாரம். காரணம் எல்லோருக்கும் தெரியும். மணமுறிவின்போது அவள் தன் பங்காக எடுத்துப்போனது யவோருடைய மேசையின் இடப்பக்கம் நின்ற திரையை. அவன் கேபிளைக் கழற்றிக் கொடுத்தான். கணினியிடம் மட்டும் சொல்லவில்லை. எந்தத் திரைக்குப் பக்கத்தில் எந்தத் திரை என்று கைப்பட எழுதி வைத்திருந்த கோப்பில் ‘இடப்பக்கம் ஒரு திரை உண்டு’ என்ற வரி அப்படியே கிடந்தது. தங்கள் கணினியின் முகப்பைத் தாங்களே செதுக்கிக்கொள்கிறவர்கள் வழக்கமாகச் செய்கிற பிழைதான். கணினி அந்த வரியை நம்பியது. போகப்போக மேசையும் நம்பியது. இடது விளிம்புக்கு அப்பால் அவன் தள்ளியதெல்லாம் அந்தத் திரை இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பக்கங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, நிழல் கொடுத்து, மங்கவும் தெளியவும் வைக்கிற நிரலில் யவோர் பெரிய கைகாரன். அந்த நேர்த்தியோடுதான் சாமான்களும் போயின. ரலிட்சாவின் மேசையில் முதலில் நிழல் மட்டும் விழும். பிறகு பொருள் கண்ணாடி மாதிரி வந்து நின்று, மெல்லக் கெட்டிப்படும். நிழலைப் பார்த்தே அவள் காபி என்று கண்டுகொண்டு காகிதங்களை நகர்த்தி வைப்பாள். “நிழலெல்லாம் ரொம்ப நல்லா வந்திருக்கு,” என்று ஒருநாள் போன் செய்தாள். “வருஷக்கணக்கா அதுக்குத்தானே கோணம் பாத்தே. நான் காய்ச்சல்ல கிடந்தப்போ ஒரு டம்ளர் வெந்நீர் வைக்க ஆளில்ல.” அன்று மாலை லிண்டன் பூத் தேநீர் ஒரு கோப்பை போட்டு இடப்பக்கம் தள்ளினான். அவள் குடித்தாளா கொட்டினாளா என்று கேட்க அவனுக்குத் தைரியமில்லை. அவளுக்கும் இதே தொழில்தான். ஆனால் ‘வலப்பக்கம் ஒரு திரை உண்டு’ என்று அவள் தன் கணினியில் எழுதவில்லை. அதனால் அங்கிருந்து ஒரு துரும்புகூட வந்ததில்லை.

வியாழக்கிழமைகளில் புளோவ்திவின் கபானாப் பகுதியில் ஒரு மதுக்கடையில், முகப்பைத் தாங்களே செதுக்கிக்கொள்கிற இந்தக் கூட்டம் சேரும். ரக்கியாவை வைத்துக்கொண்டு ஒருவர் முகப்பை ஒருவர் பார்த்து மெச்சுவார்கள், பொறாமைப்படுவார்கள். யவோரின் விஷயத்தை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிராசிமிர் என்ற நண்பன் தபால் செலவு மிச்சம் என்று, ரூசேயில் இருந்த சித்திக்குத் தன் அம்மாவின் ஊறுகாய் ஜாடிகளை அவன் மூலமாகவே அனுப்பினான். ரலிட்சா அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆனாலும் கிராசிமிருக்கு நண்பனைப் பற்றிக் கவலைதான். “டேய், அந்த ஒரு வரிய அழிச்சுத் தொலையேன்டா.” “மறந்துபோச்சு.” “நாலு வருஷமாவாடா மறப்பே?” மறக்கவில்லை. அதை அழித்தால் அவள் நிஜமாகவே போய்விடுவாள் என்று யவோருக்குப் பயமாக இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில், திரைகளைப் பார்த்துக்கொண்ட பழைய நிரலுக்கு ஆயுள் முடிந்தது. அதைச் செப்பனிட யாருமில்லை. பிப்ரவரிக்குப் பிறகு அதை வைத்திருக்கிற கணினி தங்கள் வலையமைப்புக்குள் வரக் கூடாது என்று வேலை கொடுத்தவர்களும் சொல்லிவிட்டார்கள். புதிய நிரலோ, எழுதி வைத்ததை நம்பாது. மறுபக்கத்துத் திரையும் ‘நான் இங்கேதான் நிற்கிறேன்’ என்று சொன்னால்தான் ஒத்துக்கொள்ளும். யவோர் போன் செய்தான்.

“நாளைக்கு மாத்தறேன். இனி ஒண்ணும் வராது.”

“நல்லது. மேசை சுத்தமாகும்.” பிறகு அவளே கேட்டாள்: “புதுசுல ரெண்டு பக்கமும் சொல்லணுமாமே?”

“ஆமா.”

“என்னைச் சொல்லச் சொல்லிக் கேக்கறியா, இல்ல சும்மா தகவலா?”

அவளோடு வாழ்ந்த காலத்தில் அவன் எதையும் வாய்விட்டுக் கேட்டவனில்லை. “கேக்கறேன், ரலி,” என்றான். அவள் போனை வைத்துவிட்டாள்.

சொன்னபடியே பிப்ரவரியின் கடைசி நாளில் மாற்றினான். அம்புக்குறி இடது விளிம்பில் முட்டி நின்றது. காபிக் கோப்பையைத் தள்ளிப் பார்த்தான். தரையில் விழுந்து உடைந்தது. சில்லுகளைப் பெருக்கும்போது அவனுக்கு அழுகை வந்தது. ஒரே பெண்ணை இரண்டு தடவை இழக்கிறவன் ஊரில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் மார்ச் ஒன்று. ஊரே மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாக நூல் கட்டித் திரிந்தது. மார்த்தெனிட்சா என்ற அந்த நூலைத் தனக்குத்தானே வாங்கிக் கட்டிக்கொள்கிற வழக்கமில்லை. இன்னொருவர்தான் கட்டிவிட வேண்டும். யவோர் வெறுங்கையோடு மேசைமுன் உட்கார்ந்திருந்தான். இடது விளிம்பில் ஒரு நிழல் விழுந்தது. முறுக்கிய நூலின் நிழல். பிறகு கண்ணாடியாக ஒரு நூல் வந்தது. அதில் சிவப்பு ஏறியது, அடுத்து வெள்ளை. அது மேசையில் விழவில்லை. யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் விளிம்பிலேயே நின்றது. யவோர் இடக்கையை நீட்டினான். முழங்கை வரை உள்ளே போனது. எந்தக் காலத்திலும் சில்லென்றே இருக்கிற அந்த விரல்கள் மணிக்கட்டைச் சுற்றி நூலை ஓட்டி, வலிக்கிற மாதிரி இறுக்கி முடிச்சுப் போட்டன. அவன் கையை உடனே எடுத்துவிடவில்லை.

வியாழக்கிழமை கிராசிமிர் முடிச்சைப் பார்த்தான். “யாருடா கட்டினது?”

“ரலி.”

“அப்ப அங்கிருந்தும் வருதா? நல்லதாப் போச்சு. அந்தக் காலி ஜாடிகளையெல்லாம் திருப்பி அனுப்பச் சொல்லு. அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க.”