மேல்பக்கத்து ஒயர்

என் போர்டைத் திருடிக் கொடுத்தவன் வேறு யாராவது என்றால் நாலு கெட்ட வார்த்தையோடு போயிருக்கும். கொடுத்தவன் என் பெண்டாட்டியின் தம்பி. நான்தான் இந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு கட்டில் போட்ட ஒரே அறையில் என்னோடு கிடக்கிறவன்.

நாங்கள் வேலை பார்ப்பது டப்பா மூடி அடிக்கும் கம்பெனி. நான் பேக்கிங். மச்சினன் நாலாம் நம்பர் பிரஸ். இடது கையால் தகட்டை உள்ளே வைத்து, வலது கையால் பொத்தானை அமுக்கினால் மேலிருந்து அச்சு இறங்கும். அவனுக்கு முன்னால் அங்கே நின்றவர் இரண்டு விரலை அதிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போனார். மறுநாளே அந்த இடத்தில் மச்சினனை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எலெக்ட்ரானிக்ஸ் நான் படித்ததில்லை. பழைய ரேடியோக்களைப் பிரித்துக் கற்றுக்கொண்டதுதான். லீவு நாட்களில் உட்கார்ந்து பிரஸ்ஸுக்கு ஒரு சர்க்யூட் போர்டு வரைந்தேன். இரண்டு பொத்தான். இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் அச்சு இறங்கும். அப்போது கை இரண்டும் வெளியே இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

என்னிடம் இருந்ததோ ஒரு பக்கம் மட்டும் செம்பு ஒட்டிய போர்டு. அதில் கரண்ட் ஓடுகிற ஒரு கோடு இன்னொரு கோட்டைத் தாண்ட முடியாது. தொட்டால் போச்சு. மூன்று வாரம் வரைந்து வரைந்து அழித்தேன். பன்னிரண்டு இடத்தில் முட்டிக்கொண்டிருந்தது, கடைசியில் ஒரே ஒரு இடமானது. அதற்கு மட்டும் வழியே இல்லை. அங்கே செம்பில்லாத மேல்பக்கமாக ஒரு துண்டு ஒயரைப் பாலம் மாதிரி போட்டேன். இடது பொத்தானின் சேதி அந்த ஒயர் வழியாகத்தான் போகும்.

சூப்பர்வைசரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"உனக்கு என்ன வேலை?"

"பேக்கிங் சார்."

"அப்போ போய் பெட்டிக்கு டேப் ஒட்டு. விஞ்ஞானமெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் நாலாம் நம்பரைச் சுற்றிக் கூட்டம். மேனேஜருக்கு சூப்பர்வைசர் தன்னுடைய 'பாதுகாப்பு போர்டை' விளக்கிக்கொண்டிருந்தார். பத்து செய்து வைத்திருந்தார். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ட்ரில் வழுக்கியதால் நான் கோட்டை ஒதுக்கி வளைத்த இடம்கூட அப்படியே வளைந்திருந்தது.

மச்சினனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"சூப்பர்வைசர் லீவு தர்றேன்னார் மாமா. புள்ள பொறந்து ஏழு மாசம், இன்னும் நேர்ல பாக்கல. கோடு இருக்கற பக்கத்த ஒரு போட்டோ எடுத்தேன். எந்த பார்ட் எங்கன்னு நீங்க செவுத்துல ஒட்டியிருந்த லிஸ்ட்ட ஒண்ணு. அவ்வளவுதான்..."

"வாய மூடுடா."

கோடு இருக்கிற பக்கம் மட்டும். சுருக்கென்றது. போர்டை மறுபடி திருப்பினேன். மேல்பக்கத்தில் ஒயர் இல்லை. இரண்டு துளை வெறுமனே கிடந்தது. துண்டு ஒயரை எவன் லிஸ்டில் எழுதுவான்?

அதற்குள் சூப்பர்வைசர் இரண்டு கையாலும் அமுக்கிக் காட்டினார். அச்சு இறங்கியது. கைதட்டினார்கள்.

"சார், இது தப்பு. ஒத்தக் கையிலயே இறங்கும்."

"வயித்தெரிச்சல் சார் இவனுக்கு," என்றார் சூப்பர்வைசர் மேனேஜரிடம்.

மச்சினனின் இடது கையுறையை உருவினேன். வேஸ்ட் துணியைத் திணித்து அச்சுக்கு அடியில் வைத்தேன். வலது பொத்தானை மட்டும் அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. சூப்பர்வைசர் சிரித்தார். மறுபடி அமுக்கினேன். அசையவில்லை. ஒயர் இல்லாததால் சிப்பில் இடது பொத்தானுக்கான கால் அந்தரத்தில் தொங்குகிறது. இடது பொத்தான் அமுங்கியதா இல்லையா, எப்போது எதை நம்பும் என்று சிப்புக்கே தெரியாது. மூன்றாவது தடவை டமார் என்று இறங்கியது. கையுறையின் விரல்கள் தகடாகப் போயின.

மச்சினன் தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டான்.

"ஒரு ஒயர்தான் சார் விட்டுப்போச்சு," என்றார் சூப்பர்வைசர். "நம்ம பையன்தான், போட்டுக் குடுத்துருவான்."

ஒரு ஒயர்தான்! சால்டரிங் அயர்னை அவர் மூஞ்சியில் எறிய வேண்டும்போல் இருந்தது. ஆனால் எந்த பிரஸ்ஸிலும் யாராவது ஒருத்தன் நிற்கத்தானே போகிறான். பத்து போர்டிலும் போட்டேன். மேனேஜர் சூப்பர்வைசரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"இப்ப சரியா இருக்குமா?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"உங்க போர்டுதானே சார்? இடது கைய உள்ள வெச்சு, வலது பொத்தான அமுக்கிப் பாருங்க."

அவர் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"நான் வெக்கறேன் மாமா. நீங்க போட்டதாச்சே," என்று மச்சினன் கையை உள்ளே நீட்டினான்.

விட்டேன் ஒரு அறை. கை வெளியே வந்தது.

"மடையா! நான் செஞ்சா மட்டும் மெஷினுக்குத் தெரியுமா? கைய உள்ள விட்டுட்டு, ஊருக்குப் போயி புள்ளைய எதால தூக்குவ?"

அவன் அழுதான். நான் பார்க்காத மாதிரி நசுங்கிய கையுறையை மறுபடி அடியில் வைத்தேன். வலது பொத்தானை மட்டும் முப்பது தடவை அமுக்கினேன். அச்சு இறங்கவில்லை.

முப்பத்தோராவது தடவையும் அமுக்கினேன்.