லிலிடேல் வரைக்கும் கோபம்

"ஆடாதேங்கோ அப்பா, வெட்டிப்போடும்" என்று தர்ஷனா அவர் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டிலில் நிமிர்ந்து சாய்ந்திருந்த கணேசலிங்கத்தின் ஒரு கன்னம் வழித்தாயிற்று. மற்றதில் நுரை.

"மீசையில கை வைக்காத. இன்ரவியூவுக்கு மீசை வேணும்."

"இன்ரவியூ எனக்குத்தானே?"

"கமராவில வீடு தெரியுமெல்லே. வீட்டுக்காரன் பரதேசி மாதிரி இருக்கேலுமே?"

டயாலிசிஸ் போதும் என்று அவர் தானாகவே முடிவெடுத்து ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. இனிச் சில நாட்கள்தான் என்று வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதும் தர்ஷனா மலையிலிருந்து, ரோவில் என்ற புறநகரில் இருந்த பெற்றோர் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் வேலை செய்யும் பனிச்சறுக்கு மலையின் பொது முகாமையாளர் பதவிக்கு நேர்முகம் வைத்திருந்தார்கள். வர முடியாது என்று எழுதிப் போட்டிருந்தாள். நேற்று அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அவர்களுடைய ஃபோன் வந்தது. கட்டிலில் கிடந்தவர் அதை எடுத்து, வீடியோவில் வருவாள், காலையில் வசதி என்று நேரமும் குறித்துக் கொடுத்துவிட்டார்.

"என்ன வேலை எண்டு கோயில்ல கேட்டா எனக்கு விளங்கப்படுத்தத் தெரியேல்ல" என்றாள் அம்மா சிவகௌரி, துவாயை நீட்டியபடி. "ஸ்நோவில நிக்கிறாள் எண்டு சொல்லுறன். சனம் பாவம் எண்டு பாக்குது."

"மலையை நடத்துறாள் எண்டு சொல்லு."

கணக்கியல் படித்த காலத்தில் விடுமுறை வேலையாக, கம்பியில் தொங்கியபடி ஆட்களை மலைமேல் ஏற்றும் லிஃப்ற் வாசலில் ரிக்கெற் பார்க்கப் போனவள் அவள். அடுத்த வருடமே படிப்பைச் சுற்றுலா முகாமைத்துவத்துக்கு மாற்றிக்கொண்டாள். இப்போது லிஃப்ற்றுகளும் சறுக்குப் பள்ளியும் அவள் பொறுப்பில் இருந்தன.

லப்டொப்பைக் குசினி மேசையில் வைத்தாள். திரையில் மூன்று பேர். குழுவின் தலைவி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டாள்:

"காற்றுக்காக லிஃப்ற்றை நிறுத்தினால் வந்தவர்கள் சத்தம் போடுவார்கள். தாங்குவீர்களா?"

தர்ஷனா வாயைத் திறப்பதற்குள் அறைக்குள்ளிருந்து ஆங்கிலத்தில் ஒரு குரல் வந்தது.

"பஸ் கதையைச் சொல்லு!"

"மன்னியுங்கள். என் அப்பா. சுகமில்லாமல் இருக்கிறார்."

"அந்தக் கதையை அவரே சொல்லட்டுமே" என்றாள் தலைவி.

தர்ஷனா தயங்கினாள். பிறகு லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலருகே பிடித்தாள்.

கணேசலிங்கம் மீசையைத் தடவிக்கொண்டார். "ஒரு பஸ் நிறையச் சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். என் மகள் மலையில் பெரிய ஆள் என்று வழி முழுக்கச் சொன்னேன். போய்ச் சேர்ந்தால் காற்று. லிஃப்ற்றை நிறுத்திவிட்டாள். எல்லாருக்கும் முன்னால் கத்தினேன். திறக்கவில்லை."

"கோபமா?"

"பயங்கரக் கோபம். திரும்பி வரும் வழியில் லிலிடேல் ஊர் வரைக்கும் ஒருவரோடும் பேசவில்லை."

"லிலிடேலில் என்ன நடந்தது?"

"பசித்தது. இவள் பஸ்ஸில் ஏற்றிவிட்ட பெட்டிகளைத் திறந்தோம். எல்லாருக்கும் சாப்பாடு இருந்தது. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு வேறாக."

மூன்று பேரும் சிரித்தார்கள். தலைவி எதையோ எழுதிக்கொண்டாள்.

நேர்முகம் முடிந்து அவள் திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"கிடைக்குமே?"

"தெரியாதப்பா."

"சிரிச்சவையெல்லே" என்று சொல்லிக் கண்ணை மூடினார்.

மத்தியானத்துக்குப் பிறகு அவர் விழிக்கவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் நேரம் நீண்டுகொண்டு போனது. சிவகௌரி அவர் கையைப் பிடித்தபடி, பக்கத்து வீட்டுக்காரர் வேலி மாற்றுவதைப் பற்றி மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள்.

"அப்பா போயிட்டார்" என்றாள்.

தர்ஷனா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நர்ஸுக்குச் சொல்ல ஃபோனை எடுத்தபோது அதுவே அடித்தது. மலையிலிருந்து. அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"எடு" என்றாள் சிவகௌரி. "அவரெண்டா எடுத்திருப்பார்."

நடையில் நின்று பேசினாள். நன்றி, நன்றி என்று மூன்று நான்கு தரம் சொன்னாள். அப்பாவிடமும் சொல்லுங்கள் என்றாள் தலைவி.

"சொல்லுறன்" என்று தமிழில் வந்துவிட்டது.

அறைக்குள் வந்தாள். "தந்திட்டினம், அம்மா."

சிவகௌரி தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, லிட்கமில் இருக்கும் தங்கை சந்திரகலாவுக்கு ஃபோன் எடுத்தாள்.

"கலா? ஓம், நான்தான். பிள்ளைக்கு அந்தப் பெரிய வேலை கிடைச்சிட்டுது. ஓமடி, மலை முழுக்க. இனி அவள்தான் நடத்தப்போறாள்."

மறுமுனையில் ஒரே ஆரவாரம். சிவகௌரி கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள். ஃபோனை மகளிடம் நீட்டினாள்.

"அத்தானிட்டக் குடு அக்கா" என்று சின்னம்மாவின் குரல் சிரித்துக்கொண்டிருந்தது. "அவரோட ஒருக்காக் கதைக்க வேணும். கெதியாக் குடு."

தர்ஷனா ஃபோனைக் காதில் வைத்தபடி குனிந்து, வெளியே தெரிந்த அவர் பாதங்களைப் போர்வையால் மூடினாள்.