யார் கைக்கு எட்டு சாண்?

வீட்டில் இருந்த ஒரே அளவு டேப் அறுந்துபோன அன்றைக்குத்தான், சாப்பாட்டு மேசையைச் செய்தே தீருவது என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒற்றைக் காலில் நின்றார்கள். எட்டு சாண் நீளம் போதும் என்று பேசிக்கொண்டு, வெல்டிங் தெரிந்த அவள் வீட்டுக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தை ஒட்டினாள். அவன் வாசலில் பலகையை அறுத்தான்.

மத்தியானம் பலகையைத் தூக்கிச் சட்டத்தின் ஒரு ஓரத்தை ஒட்டி வைத்தால், மறு ஓரத்தில் ஒன்றரை சாண் நீட்டிக்கொண்டு நின்றது.

"எட்டு சாண்னுதானே பேசினோம்?"

"எட்டுதான் அறுத்தேன். வேணும்னா எண்ணிப் பாரு."

அவள் எண்ணினாள், ஒன்பதரை வந்தது. அவன் எண்ணினான், எட்டுதான். பக்கத்தில் பக்கத்தில் விரித்த இரண்டு கைகளைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"மம்பட்டி மாதிரி கையை வச்சுக்கிட்டு சாண் அளக்க வந்துட்டீங்க," என்று பொரிந்து தள்ளினாள்.

"உன் கை சின்னதா இருந்தா அதுக்கு நானா பொறுப்பு?" என்று முணுமுணுத்தபடி, நீட்டலை அறுத்துவிட அவன் ரம்பத்தை எடுத்தான்.

சத்தம் கேட்டு அவளுடைய மாமனார் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். பழைய மேசையின் கால் முழங்காலில் இடிக்கிறதென்று இரண்டு வருஷமாகத் தட்டை மடியில் வைத்தே சாப்பிடுகிறவர் அவர். நேராக அந்த நீட்டலுக்கு அடியில் நாற்காலியை விட்டார். எங்கும் இடிக்கவில்லை. இரண்டு முழங்கைகளையும் பலகைமேல் ஊன்றிக்கொண்டார்.

"ரம்பத்தை உள்ள வைடா," என்றார் மகனிடம். "அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. சோறு எங்க?"