அப்னாவுக்கு ஒரு தகப்பன் பெயர்

தகப்பன் பெயரைத் தானே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இந்த உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? சாய்ந்தமருது அப்னாவுக்குக் கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து பிள்ளை அழுதுகொண்டே இருந்தாள்.

எங்கள் கரையில் குடும்பப் பெயர் என்று ஒரு மண்ணும் கிடையாது. வாப்பாவின் பெயர் முன்னால் நிற்கும், பிள்ளையின் பெயர் பின்னால் வரும், அவ்வளவுதான் கதை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாள் முதல் அவள் ஜவுபர் அப்னா. ஐஸ் லொறிக்காரர் ஜவுபரின் மகள் என்றால் கல்முனைச் சந்தையில் மீன் வெட்டுகிறவன்கூட ஒரு துண்டு கூட்டிப் போடுவான். அவள் ஜவுபர் பெற்ற பிள்ளை அல்ல என்பது ஊருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்தால் என்ன, யாரும் அதைப் பேசுவதில்லை.

சுனாமி அடித்த அன்று, காரைதீவுப் பக்கம் தாழம்பற்றைக்குள் கிடந்த கைக்குழந்தையை சுஜிந்தன் என்றொரு மனிதர் தூக்கிக்கொண்டு வந்து, தப்பிய சனம் தங்கியிருந்த பள்ளிக்கூட மண்டபத்தில் கொடுத்துவிட்டுப் போனார். அதே மண்டபத்தின் மூலையில் சரீபா கிடந்தாள். ஜவுபரின் மனைவி. அவளுடைய கைக்குழந்தை ஸப்னா காலையில்தான் அலையோடு போயிருந்தது. மார்பில் பால் கட்டி, காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தவளின் மடியில் யாரோ இந்தக் குழந்தையை வைத்தார்கள். யார் வைத்தது என்று இன்றைக்கும் ஒருவருக்கும் நினைவில்லை. குழந்தை வாய் வைத்தது, குடித்தது, தூங்கிப்போனது. தேடி யாரும் வரவில்லை. சரீபா அதற்கு அப்னா என்று பெயர் வைத்தாள்.

இப்போது அவளைப் பாலமுனை றிஸ்மிக்குப் பேசி முடித்திருந்தார்கள். நல்ல பொடியன், தரைக்கு மாபிள் பதிக்கிற வேலை. நிக்காஹ் விஷயம் பேச முகம்மது தம்பி மௌலவி வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான், அவரைக் குறை சொல்ல முடியாது. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டுதான் சொன்னார். பால் கொடுத்ததால் சரீபா தாய்தான், ஜவுபரும் பால்தகப்பன்தான். ஆனால் நிக்காஹ்வில் பெற்றவன் பெயரைத்தான் சொல்ல வேண்டும்; வளர்த்தவன் பெயரைச் சொல்லக் கூடாது. பெண்ணைப் பொறுப்பெடுத்துக் கட்டிக்கொடுக்கும் 'வலி' என்கிறவராக வளர்த்தவன் இருக்கவும் முடியாது, மார்க்க நீதிபதியான காதியார்தான் இருப்பார். பெற்றவன் யாரென்று தெரியாததால், எல்லாரும் அல்லாஹ்வின் அடிமைகள் என்ற வகையில் அப்துல்லாஹ் என்று சொல்லலாம், அப்துர் ரஹ்மான் என்றும் சொல்லலாம். எது விருப்பம் என்று பிள்ளையே சொல்லட்டும் என்றார்.

அப்னா ஜவுபரின் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை மறுத்துப் பேசுவார், குறைந்தது முகமாவது கறுக்கும் என்று எதிர்பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மௌலவி சொல்வது சரிதான் என்றார். அந்த ஒரு பேச்சில் அவளுக்கு நெஞ்சு விட்டுப்போனது.

சரீபா மட்டும் சும்மா இருக்கவில்லை. என் பாலைக் குடித்து வளர்ந்தவளுக்கு என் மனிசனின் பெயர் எட்டாதாமா என்று அன்றைக்கு முழுவதும் சட்டி பானையோடு சண்டை பிடித்தாள். தையல் வகுப்புத் தோழி ஸுஹைறாவுக்கோ இது பெரிய பகிடி. எனக்கு இப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்தால் ஹாஜியார் என்று முடிகிற பெயராகப் பார்த்து எடுப்பேன், மாப்பிள்ளை வீட்டார் வாய் திறக்க மாட்டார்கள் என்றாள். அப்னாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். அப்துல் கரீம் அப்னா. அப்துல் மஜீத் அப்னா. அப்துர் ரஹ்மான் அப்னா. பள்ளிவாசல் படியில் அவசரத்துக்கு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பெயர். உலகத்தில் உள்ள எல்லாப் பெயரையும் எடுத்துக்கொள் என்றார்கள், அதை மட்டும் தொடாதே என்றார்கள்.

அதன் பிறகு அவள் ஜவுபரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தேநீரை வைப்பாள், திரும்பிப் போய்விடுவாள். கல்யாண வேலைகள் ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தன. பந்தல்காரர்கள் கம்பு இறக்கிப்போட்ட காலையில், ஜவுபர் லொறியைக் கழுவிக்கொண்டு நின்றபோது, அவள் அடக்க முடியாமல் போய்க் கேட்டாள். ஒரே ஒரு தரம் உங்கள் மகள் என்று சொல்லிவிட்டால் வானமா இடிந்து விழும், மௌலவியிடம் கெஞ்சிக் கேட்கக்கூட உங்களுக்கு மனம் வரவில்லையே என்றாள். அவர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். அதில் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. சொல்லக் கூடாததைச் சொன்னாள்.

"உங்கட சொந்தப் புள்ள ஸப்னாவா இரிந்தா இப்பிடி உட்டுக் குடுப்பீங்களா?"

ஜவுபரின் கையிலிருந்த வாளி கீழே போனது. அந்த வீட்டில் வருடத்துக்கு ஒரு தரம், இறந்தவர்களுக்காகக் கத்தம் ஓதுகிற நாளில் மட்டும்தான் அந்தப் பெயர் வெளியே வரும். அவர் லொறியின் மிதிபலகையில் உட்கார்ந்தார். அப்னாவுக்குத் தன் வாயைத் தானே கிழித்துப்போடலாம் போல இருந்தது.

"ஸப்னாட மையித்த நான் காணல்ல மகள்," என்றார். "ஊர் முழுக்க நிண்டு, அவள் போயிட்டாளெண்டு ஜனாஸா தொழுதாங்க. நான் தொழல்ல. சும்மா வரிசையில நிண்டன். இது உன்ட உம்மாக்கும் தெரியா."

அப்னா விழுந்த வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"பொத்துவிலுக்கு ஐஸ் ஏத்திப் போனாலும், திருகோணமலைக்குப் போனாலும், உன்ட வயசில ஒரு புள்ள றோட்டால போனா என்ட கால் தானா பிரேக்குக்குப் போயிரும். எங்கயாச்சும் ஒருத்தன் அவள எடுத்து வளத்திருந்தா, அல்லாஹ் அவனுக்கு ரஹ்மத்துச் செய்யட்டும். ஆனா அவன் அவளக் கட்டிக் குடுக்கக்குள்ள தன்ட பேரச் சொல்லிட்டானெண்டா, மறுகா நான் ஆரு? அவளில எனக்கெண்டு மிஞ்சிக் கிடக்கிறது அந்தப் பேர் ஒண்டுதான்."

முகத்தைச் சாரன் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

"உன்னப் பெத்தவனும் எங்கயோ இரிப்பான். தொழுறவனோ கும்புடுறவனோ, தெரியா. அவனும் இப்பிடித்தான் பாத்துக்கிட்டுத் திரிவான். அப்துல்லாஹ் எண்டு சொன்னா அந்த எடம் அவனுக்கெண்டு வெறுமையாக் கிடக்கும். நான் போய்க் குந்தினா அவன எழுப்பி உட்ட மாதிரி. நீ எனக்கு அமானத்து புள்ள, இன்னொருத்தன்ட பொருளப் பாத்து வெச்சிரிக்கிற மாதிரி. அமானத்தில என்ட பேர வெட்டிப் பதிக்கேலா."

இத்தனை வருடம் இந்த மனிதர் தன்னைத் தோளில் வைத்துக்கொண்டு, கண்ணால் இன்னொருத்தியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அப்னாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பொறாமையாக இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். அதற்கு மேலே ஒரு பரிதாபம் வந்து அதை மூடியது. முகமே தெரியாத ஒரு மனிதனுக்காகத் தன் ஆசையைத் தின்றுகொண்டிருக்கிற ஆளிடம் போய் என்ன கேள்வி கேட்டோம் என்று நினைத்தாள். அவர் காலடியில், ஈரச் சேற்றில் அப்படியே உட்கார்ந்தாள்.

"எனக்கு அப்துல்லாஹ் எண்டே சொல்லட்டும் வாப்பா," என்றாள். "உங்கட பேர் ராத்தாக்கே இரிக்கட்டும்."

ஸப்னாவை அவள் ராத்தா என்று, அக்காவாக உறவு சொன்னது அதுதான் முதல் தரம். ஜவுபர் அவள் தலையில் கையை வைத்தார்.

நிக்காஹ் அன்று பந்தல் நிறைந்த சனம். நடுவில் வெள்ளை விரித்து றிஸ்மியும் காதியாரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். தகப்பன் உட்கார வேண்டிய இடத்தில் காதியார் இருந்தார். பெண்ணிடம் போய்ச் சம்மதம் கேட்டு வர இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றபோது, ஒருவராக அஸ்ஹர் மாஸ்டர் எழும்பினார். அடுத்தது யார் என்று மௌலவி பார்க்கும்போதே ஜவுபர் எழும்பிவிட்டார். தகப்பனாக இருக்கத்தான் முடியாது, சாட்சியாக இருக்க யார் தடுப்பது?

அறைக்குள் அப்னா தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். பக்கத்தில் சரீபா. மணப்பெண் வாய் திறக்கத் தேவையில்லை, பேசாமல் இருந்தாலே சம்மதம்தான் என்று காலையிலிருந்து சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அஸ்ஹர் மாஸ்டர் கேட்பதாகத்தான் இருந்தது. ஜவுபர் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானே கேட்டார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நீ என்றும் புள்ள என்றும் கூப்பிட்டவளை, இன்றைக்கு ஊராரின் பெண்ணிடம் பேசுகிற மாதிரிக் கேட்டார்.

"அப்துல்லாஹ்ட மகள் அப்னா, பாலமுனை றிஸ்மிக்கு உங்கள நிக்காஹ் செஞ்சு குடுக்கக் காதியாருக்குச் சம்மதம் குடுக்கிறீங்களா?"

பெயரில் ஒரு பிசகும் இல்லை. குரல்தான் கடைசியில் உடைந்தது. சரீபா அவள் முழங்கையை அழுத்தினாள், பேசாதே என்று. அப்னா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். பந்தலில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"ஓம் வாப்பா."

வெளியே காதியார் காத்துக்கொண்டிருந்தார். சம்மதம் கிடைத்தது என்று போய்ச் சொல்ல வேண்டிய சாட்சி, வாசலைத் தாண்ட முடியாமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.