நெரிசலுக்கான இங்கிலீஷ்

கூட்டத்தைச் சொல்ல இங்கிலீஷில் இத்தனை வார்த்தைகள் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பேக்ட். ஜாம் பேக்ட். கிராம்ட். மனிதர்களைச் சாளை மீனாக்கி டப்பாவில் அடைக்கிற ஒரு வாக்கியம்கூட உண்டு. எங்கள் ஊரில் சாளை கிடைத்தால் குழம்பு வைப்போமே தவிர டப்பாவில் அடைக்க மாட்டோம். இருந்தாலும் மனப்பாடம் செய்தேன். அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்குப் போக இந்த இங்கிலீஷ் பேச்சுத் தேர்வில் தேறியாக வேண்டும். எனக்குச் சம்பளத்தைவிட, கதவைச் சாத்தினால் யாரும் தட்டாத ஓர் அறைதான் ஆசை. திருவட்டாறில் எங்கள் வீட்டுக் குளியலறைக்கே அந்தப் பாக்கியம் கிடையாது.

தேர்வு வீட்டிலிருந்தே, லேப்டாப்பில். அறையில் வேறு ஆள் இருந்தால் ரத்து. இதை அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அம்மா நேரே சபைக்குப் போய் ஜெப விண்ணப்பம் கொடுத்துவிட்டாள்.

அன்று காலையில் எழுந்து பார்த்தால் முற்றம் முழுக்கச் செருப்பு. பெண்கள் ஐக்கிய சங்கம், பாடகர் குழு, போதாததற்கு அவர்களுடைய சம்பந்தக்காரர்கள்.

"அம்மா, ஆளே இருக்கக்கூடாதுன்னு சொன்னேனே!"

"உனக்க ரூம்ல யாரு இருக்கா மக்கா? எல்லாரும் ஹால்லதானே இருக்காவ. சத்தம் காட்டாம ஜெபிப்பாவ."

சங்கத் தலைவி செசிலி அக்கா வேறு ஆறுதல் சொன்னாள். "நீ பயப்படாண்டாம் பிள்ளே. கதவுகிட்ட நாங்க காவல் நிக்கோம்."

நின்றார்கள், கதவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு.

திரையில் வந்த வெள்ளைக்காரம்மா, "மிஸ் ஜாஸ்பின், நீங்கள் பார்த்த நெரிசலான இடம் ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று இங்கிலீஷில் கேட்டாள். அட, படித்ததே வந்துவிட்டது! ஞாயிற்றுக்கிழமை திற்பரப்பு அருவி என்று ஆரம்பித்தேன். ஆனால் பின்னால் "கர்த்தாவே, கர்த்தாவே" என்று முணுமுணுப்பு ஏறிக்கொண்டே வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அருவி மறந்துபோய், வாயில் எங்கள் வீடு வந்தது. ஹால் ஜாம் பேக்ட், அடுக்களை கிராம்ட், ஜன்னலில் தலைகள் ஓவர்ஃப்ளோ. என் ஆயுசில் அப்படி இங்கிலீஷ் பேசியதில்லை. வெள்ளைக்காரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள்.

அப்போதுதான் கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது. முதலில் செசிலி அக்கா விழுந்தாள், அவள்மேல் பாடகர் குழு.

வெள்ளைக்காரம்மா முகம் மாறிவிட்டது. "இஸ் எனிஒன் வித் யூ?"

அம்மா அந்தக் குவியலுக்கு மேலாகத் தலையை நீட்டினாள். "நோ மேடம், நோபடி! ஒன்லி சர்ச்!"

தேர்வு ரத்து.

சபையார் அசரவில்லை. "இது சாத்தானுக்க வேலை. அடுத்த தடவை உபவாச ஜெபம் வைப்போம், மார்த்தாண்டத்து ஆளுகளையும் கூப்பிடுவோம்" என்று சாயா குடித்தபடியே முடிவு செய்துவிட்டுக் கிளம்பினார்கள்.

நான் அழுதுகொண்டே கத்தினேன். "இவ்வளவு பேரு ஜெபிச்சும் கர்த்தருக்குக் கேக்கலியா? காது அடைச்சுப் போச்சா அவருக்கு?"

அம்மா தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவிய எல்லாரும் நீ போவணும்னுதான் ஜெபிச்சாவ மக்கா" என்றாள். "நான் ஒருத்திதான் போவக்கூடாதுன்னு ஜெபிச்சேன்."