மூன்று மைலுக்குள்

"கையைக் கொஞ்சம் தூக்குங்க மாமா" என்றாள் ரேணுகாம்பாள்.

சின்னசாமி தம்பி ஆதிமூலத்தின் இடது கையைத் தூக்கிப் பிடித்தார். தோளிலிருந்து செம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தவள் மணிக்கட்டில் வந்து நின்றுவிட்டாள். அங்கே வளையல் போட்டதுபோலச் சுற்றிலும் ஒரு தடம். கறுத்துப்போய், தோல் உரிந்து, உள்ளே இறங்கியிருந்தது.

"இது இன்னா மாமா?"

"ஆஸ்பத்திரியில கட்டியிருப்பாங்க. ஊத்தும்மா, வெயில் ஏறுது."

ஊற்றினாள். ஆஸ்பத்திரியில் நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் அறுத்துத் தைத்ததை வேட்டியால் மூடி வைத்திருந்தார்கள். அதைப் பார்க்க வேண்டாம் என்று உடம்பை ஜீப்பில் கொண்டுவந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். மணிக்கட்டைப் பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆதிமூலத்துக்கு நாற்பத்திரண்டு வயது. கடலூருக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், மீன்துறை ரோந்துப் படகில் காவலராக இருந்தார். கரையிலிருந்து மூன்று மைலுக்குள் விசைப்படகு வந்து மீன் பிடிக்கக் கூடாது, அந்தத் தண்ணீர் கட்டுமரக்காரர்களுக்கு என்று சட்டம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. மீறி வருகிற படகை மடக்கி, அதில் ஏறி, கரைக்கு ஓட்டிக்கொண்டு வருவது அவர் வேலை. இதைக் குடும்பம் இருந்த வேங்கிக்காலில் ஒருத்தருக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை. "கடலே இல்லாத ஊருல கடல் போலீசு" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்து, ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் கூட இருந்ததெல்லாம் சேர்த்தால் மூன்று வருஷம் தேறுமா என்பது சந்தேகம்தான்.

நேற்றுச் சாயங்காலம் டவுன் ஸ்டேஷனிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து சொன்னதிலிருந்து ரேணுகாம்பாள் அழவில்லை. அவர் சொல்லி முடித்ததும், "டீ சாப்புடறீங்களா?" என்று கேட்டாள். அந்த ஆள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தார். எதிர்வீட்டுப் பாஞ்சாலை ஓடிவந்து கட்டிக்கொண்டு ஓவென்று அழுதபோதுகூட, அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து எழுந்து போய் இறக்கினாள். பார்த்தவர்கள் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். உடம்பு முழுக்க மரத்துப்போன மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அவளுக்கே தன் மேல் வெறுப்பாக இருந்தது.

ஒன்றே ஒன்றுதான் உள்ளே குடைந்துகொண்டிருந்தது. கால் தவறிக் கடலில் விழுந்துவிட்டார் என்கிறார்கள். அவர் கீழ்பென்னாத்தூர்க் கிணறுகளில் வளர்ந்தவர். ஊரில் யார் வீட்டு மோட்டார்க் குழாயில், தண்ணீருக்கடியில் புட்வால்வு அடைத்துக்கொண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முங்கினால் ஒரு பீடி குடிக்கிற நேரம் கழித்து வெளியே வருவார். அப்படிப்பட்ட மனுஷன் விழுந்தால் ஏறி வந்திருக்க வேண்டாமா? ஏன் வரவில்லை? எவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்தார்?

ஜீப்பில் வந்த ஆபீசரிடம் கேட்டாள். "எல்லாம் விதிம்மா" என்றார் அவர். இதைக் கேட்கவா கேட்டாள்?

குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி பூசி, உடம்பைப் பந்தலுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். சந்திரகலா அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, அழுது அழுது தொண்டை கட்டிப்போய், வெறும் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தாள். பதிமூன்று வயசு. ரேணுகாம்பாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்பா கூப்ட்டிருப்பாரில்ல? யாரையாவது கூப்ட்டிருப்பாரில்ல?"

ரேணுகாம்பாள் பெண்ணின் பாவாடையை இழுத்துச் சரிசெய்தாள். அப்போதுதான் பாஞ்சாலை வந்து காதில் சொன்னாள். "அக்கா, வெளிய ஒரு ஆளு நிக்கறான். ஜீப்பு பின்னாடியே பஸ் புடிச்சி வந்தானாம். அவன்தான் தண்ணியிலேருந்து எடுத்தவனாம்."

பந்தலுக்கு வெளியே, வெயிலில், கறுத்த ஆள் ஒருவன் நின்றிருந்தான். முப்பத்தைந்து வயசிருக்கும். காலில் செருப்பில்லை. சின்னசாமி அவனிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாய்க்கரிசி பங்காளிங்க, சொந்தக்காரங்க போடறதுய்யா. நீ யாரு? எடுத்துக் குடுத்த, புண்ணியமாப் போவுது. ஒரு டீய குடிச்சிட்டுக் கெளம்பு."

"டீ வாணாங்க. ஒரு பிடி அரிசி போட்டுட்டுப் போயிடறேன்."

"பேரு இன்னா? எந்தப் படகு?"

"தருமன்ங்க. விசைப்படகு ஓட்டறேன்."

விசைப்படகு என்றதும் சின்னசாமியின் முகம் மாறியது. அவர் நிலக்கடலை போடுகிற விவசாயி, கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் தம்பி யாரைப் பிடிக்கப் போனான் என்பது தெரியும். "விசைப்படகா?" என்று ஒரு அடி முன்னால் வந்தார்.

ரேணுகாம்பாள் எழுந்தாள். "மாமா, இருங்க. நான் பேசறேன்."

"நீ இன்னாத்துக்கும்மா? இந்த நேரத்துல பொம்பள நீ..."

அவள் நிற்கவில்லை. "வாங்க" என்று அந்த ஆளைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் கைப்பம்பு பக்கம் நடந்தாள். தாலி கட்டினவன் பந்தலில் கிடக்க, முகம் தெரியாத ஆம்பளையோடு பின்பக்கம் போகிறாளே என்று யாரோ ஒரு கிழவி சொன்னது காதில் விழுந்தது. விழுந்துவிட்டுப் போகட்டும்.

"அவரு கையில ஒரு தடம் இருக்குது. நீங்கதான எடுத்தீங்க. அது இன்னா?"

தருமன் தரையைப் பார்த்தான். "அம்மா, நான் மொதல்லேருந்து சொல்லிடறேன். ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்தேன். நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"சொல்லுங்க."

"நேத்து விடியக்கால அஞ்சு மணி இருக்கும். ரெண்டரை மைலுல வலையப் போட்டிருந்தோம், பொய் சொல்லமாட்டேன். மூணு மைலுக்கு வெளியதான் இருக்கோம்ங்கற கதையெல்லாம் சாருகிட்ட நடக்காது. கரையில இருக்கற டவரு எம்மா ஒசரம் தெரியுதுன்னு பாத்தே மைலு சொல்லிடுவாரு. எப்படி சார்னு கேட்டா, எங்க ஊரு மலைய பஸ்ல வரச்சொல்லோ பாத்துப் பாத்துப் பழகினதுடான்னுவாரு. ரோந்துப் போட்டு பக்கத்துல வந்துடுச்சி. சாரு எங்க போட்டு ஓரமாக் கட்டியிருந்த டயரைப் புடிச்சி ஏறினாரு. நான்... எஞ்சின் வேகத்தத் தூக்கி வுட்டுட்டேன்."

"வேணும்னா?"

"ஓடிடலாம்னுதாம்மா. அவரத் தள்ளணும்னு இல்ல. போட்டு குதிச்சிது. திரும்பிப் பாத்தேன், டயர்ல ஆளக் காணோம். பின்னாடிதான் அவங்க போட்டு இருக்குதே, எடுத்துக்குவாங்கன்னு நெனச்சேன். வலைய வெட்டி வுட்டுட்டு லைட்ட அணைச்சிட்டு ஓடிட்டேன்."

"அவங்க எடுக்கலியா?"

"அவங்க, சாரு எங்க போட்டுல ஏறிட்டாரு, மடக்கி ஓட்டிகினு வருவாருன்னு நெனச்சிட்டாங்க. புடிச்ச போட்டுல ஒருத்தரு ஏறிக்கணும்ங்கறதுதான வழக்கம். அவங்க கரைக்குப் போயி, இப்ப வந்துருவாரு அப்ப வந்துருவாருன்னு குந்திகினு இருந்தாங்க. நாங்க வேற எடத்துல கரை புடிச்சோம். எட்டு மணிக்குத் தேடிகினு வந்து, எங்கடா எங்க ஆளுன்னு கேக்கறாங்க. உங்க போட்டுலதானன்னு நான் சொல்றேன். அப்பவே எல்லாரும் போட்ட எடுத்துகினு தேடப் போனோம்."

ரேணுகாம்பாள் கைப்பம்பின் பிடியைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மணி நேரம். இரண்டு படகுக்காரர்களும் அவர் அடுத்த படகில் பத்திரமாக இருக்கிறார் என்று நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். தான் அந்நேரம் இட்லிக்கு ஊற வைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தாள். இல்லை, வாசல் தெளித்துக்கொண்டிருந்தோம்.

"கை?"

"அங்க கட்டுமரக்காரங்க வலை போட்டிருந்தாங்க. அந்த வலையோட மிதவையில, கழுத்துல போட்டிருந்த விசில் கயித்தால இடது கையக் கட்டிகினு இருந்தாரு." தருமன் தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினான். "உசுரோட இருக்கச்சொல்லோ கட்டிகினதும்மா. செத்தவரு முடிச்சி போடமாட்டாரு."

ஒரு கையால் முடிச்சுப் போட முடியாது. பல்லால் இழுத்திருப்பார். சாக்கு மூட்டையைக்கூட அப்படித்தான் கட்டுவார். பல் போயிடும் என்று அவள் திட்டுவாள். கட்டுவதற்கு முன்னால் அந்த விசிலை எத்தனை தரம் ஊதினாரோ.

"நீங்க எப்ப பாத்தீங்க?"

"பன்னெண்டு மணி."

"அப்ப?"

ஒரு பொய்க்கு அங்கே தாராளமாக இடம் இருந்தது. எப்பவோ போயிருப்பாரும்மா என்று சொல்லியிருந்தால் அவள் மறுகேள்வி கேட்டிருக்க மாட்டாள். அவள் அதற்காகவே காத்திருந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

"உடம்புல சூடு இருந்திச்சும்மா. வெயிலு சூடா, உசுரு சூடான்னு எனக்குத் தெரியல. தேச்சித் தேச்சிப் பாத்தேன். கரைக்கு வர்ற வரைக்கும் வாயில ஊதிகினே வந்தேன். வரல."

பந்தலில் யாரோ புதிதாக வந்தவர்கள் ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். அஞ்சு மணி, ஆறு மணி, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று ரேணுகாம்பாள் மனசுக்குள் போய்ப்போய்த் திரும்பினாள். அந்த ஆளை அடிக்கலாமா என்று பார்த்தாள். கை எழவில்லை. மன்னிக்கலாமா என்றால் அதுவும் எங்கிருந்தும் வரவில்லை. இவன் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அது ஒன்றுதான் தெளிவாக இருந்தது.

"இத இங்க வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"சொல்லாதீங்க. ஸ்டேஷன்ல சொல்லுங்க, கோர்ட்டுல சொல்லுங்க. இந்த வீட்டுல சொல்லாதீங்க. எம்பொண்ணு இருக்குது."

முன்பக்கம் வந்தபோது எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். சின்னசாமி நேராகக் கேட்டார். "இன்னா சொல்றான்?"

"படகுல ஏறச்சொல்லோ விழுந்துட்டாராம் மாமா. போட்டு தலையில அடிச்சிடுச்சாம். விழுந்ததுமே உசுரு போயிடுச்சாம்."

"உடனேவா?"

"உடனே."

சின்னசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "அய்யோ தம்பி" என்று குலுங்கினார். அதில் ஒரு ஆறுதலும் இருந்தது. சந்திரகலா தலையைத் தூக்கினாள்.

"அப்ப அப்பாவுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதாம்மா? வலிச்சிருக்காதா?"

"தெரிஞ்சிருக்காதும்மா."

பெண்ணின் தோள் தளர்ந்து இறங்கியது. நேற்றிலிருந்து முதல் தடவையாக அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். ரேணுகாம்பாள் அந்தத் தலையைத் தடவிக்கொண்டே, பாயின் ஓரத்தில் கிடந்த இடது கையை வேட்டிக்குள் தள்ளி மறைத்தாள்.

வாய்க்கரிசி போட வரிசையாக வந்தார்கள். சின்னசாமி போட்டார், அவர் மகன் போட்டான், பங்காளிகள் போட்டார்கள். கடைசியில் ரேணுகாம்பாள், "அவரும் போடட்டும் மாமா" என்றாள்.

"ஏம்மா, அவன் யாருன்னு..."

"தேடிக் கண்டுபுடிச்சித் தூக்கினு வந்தது அவருதான. போடட்டும்."

தருமன் வந்தான். அரிசியை அள்ளிய விரல்களில் கயிறு அறுத்த காயங்கள் பச்சையாக இருந்தன. குனிந்து போட்டான். இரண்டு மூன்று அரிசி கன்னத்தில் சிந்தியது. அதைப் பொறுக்கி மறுபடியும் உதட்டில் வைத்தான். அப்புறம் யாரையும் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போய்விட்டான்.

பறை அடித்தது. பாடையைத் தூக்கினார்கள். தெருமுனை வரை பெண்கள் போய் நின்றார்கள். சத்தம் தேய்ந்து, திருப்பத்தில் மறைந்தது.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். ரேணுகாம்பாளைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய், கைப்பம்புக்குப் பக்கத்துக் கல்லில் கட்டின புடவையோடு உட்கார வைத்தார்கள். பாஞ்சாலை தண்ணீர் அடித்து அடித்து குடத்தால் தலையில் ஊற்றினாள். ஒரு குடம். இரண்டு. மூன்று. தண்ணீர் மூக்கிலும் வாயிலும் இறங்கியது. ரேணுகாம்பாள் துடைத்துக்கொள்ளவில்லை. கண்ணையும் மூடவில்லை.

"போதும்க்கா. எழுந்திரு, சளி புடிச்சிக்கும்."

"ஊத்து."

நாலாவது குடம். ஐந்தாவது. சந்திரகலா மாற்றுப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே வந்து நின்றாள்.

"பாஞ்சாலை, எம்மா நேரமாச்சி?"

"எதுக்குக்கா?"

"நான் வந்து குந்தி."

"ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும்."

ரேணுகாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஊத்து" என்றாள்.